ஏழாவது ஆள்

எங்கள் கிளப் தோற்கும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் நடுவில் வந்து நம்பிக்கை வைத்து ஏமாற வேண்டாம். திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கிற மூன்று குறுகலான ஒழுங்கைகளின் கிளப் அது. சொந்த மைதானம் இல்லை. ஒரே நிறத்தில் பதினொரு காற்சட்டைகூட ஒரு காலத்தில் இல்லை. மாவட்ட லீக்கில் கடைசிக்கு ஒரு படி மேலே வந்தால் அந்த வருடம் எங்களுக்குப் பொங்கலும் பெருநாளும் ஒன்றாக வந்த மாதிரி. நான் அதன் செயலாளர். பதினாறு வருடமாகச் செயலாளர், ஏனென்றால் வேறு எவனும் கிளப்பின் கணக்குக் கொப்பியைக் கையில் வாங்கமாட்டான்.

ஒரேயொரு பெருமை எங்களுக்கு இருந்தது. நாங்கள் ஒருநாளும் வோக்ஓவர் கொடுத்ததில்லை. உதைபந்தாட்டத்தில் ஒரு பக்கத்துக்கு ஏழு பேராவது இறங்காவிட்டால் ஆட்டமே தொடங்காது. எதிர்ப்பக்கம் விளையாடாமலே வென்றதாக எழுதிவிட்டு நடுவர் வீட்டுக்குப் போய்விடுவார். அதுதான் வோக்ஓவர். பெரிய பெரிய கிளப்புகளே ஆள் இல்லாமலும் கோபத்திலும் அதைக் கொடுத்திருக்கின்றன. நாங்கள் இல்லை. அடைமழைக்குள் எட்டுப் பேரோடு இறங்கியிருக்கிறோம். ஒரு தடவை தம்பலகாமத்து வயலில் வரம்பு கட்டிக்கொண்டிருந்த எங்கள் ஆட்டக்காரன் ஒருவனைச் சேற்றுக் காலோடு ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினோம். அன்றைக்கு ஒன்பது கோல் வாங்கினோம். இறங்கினோமா இல்லையா என்பதுதான் எங்களுக்குக் கேள்வி.

எங்களுக்கென்று முப்பது ஆதரவாளர்கள் வருவார்கள். லீக் ஆட்டங்கள் நடக்கிற மைதானத்தின் கடற்கரைப் பக்கத்து மதிலில் வரிசையாகக் குந்தியிருப்பார்கள். கடைசி விசில் ஊதும்வரை யாரும் வீட்டுக்குப் போகக் கூடாது. போனவனை ஒரு கிழமைக்கு, ஏழு நாளும், சந்தியில் நிற்க விடமாட்டோம். அவர்களில் ஒருவர் துறைமுகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்ற முஸ்லிம் பெரியவர், எங்கள் எல்லோருக்கும் நானா. கையால் தட்டுகிற ரபான் மேளத்தோடு வருவார். கோல் அடித்தால் கொட்டுவதற்காகத்தான் முதலில் கொண்டுவந்தார். கோல் வருகிறதாக இல்லை. மனிதர் எத்தனை நாளைக்கு அதை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருப்பது? மூலையிலிருந்து உதைக்கிற கோர்ணர் கிடைத்தாலே அடிக்கத் தொடங்கினார். அதுவே எங்கள் வழக்கமாகிப் போனது. கோர்ணருக்கு ரபான் அடிக்கிற கூட்டம் இந்த மாவட்டத்திலேயே நாங்கள் மட்டும்தான். மற்றவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும் என்றிருந்தோம்.

சிரிப்பவர்களில் முதல் ஆள் என் மனைவியின் தம்பி. ஓட்டோ ஓட்டுகிறான். வெல்லுகிற கிளப் எதுவோ அதுதான் அவனுடைய கிளப். லீக்கில் முதலிடத்தில் இருக்கிற அணியின் பக்கம் போய் உட்காருவான். தொலைக்காட்சியில் பார்க்கிற வெளிநாட்டு அணிகளும் அப்படித்தான். ஐந்து வருடத்தில் நான்கு கிளப்பின் ஜேர்சி அவன் உடம்பில் ஏறி இறங்கியிருக்கிறது. எனக்கு அதைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் வைத்தே கேட்டேன்.

"உனக்கு வெக்கமில்லையோடா? போன வருசம் நீலம், இந்த வருசம் சிவப்பு."

"அத்தான், நான் போறது விளையாட்டுப் பாக்க. நல்லா விளையாடுறவனைப் பாத்திட்டு வாறன். நீங்கள் போறது பிரேதம் காக்க."

நான் கையைக் கழுவிவிட்டு எழும்பிவிட்டேன். இரண்டு கிழமை அவனோடு பேசவில்லை. என் கோபம் அப்படி. தோற்கிறவனோடு நிற்பவன்தான் மனிதன், வெல்லுகிறவனுக்குப் பின்னால் போகிறவன் எந்த வீட்டிலும் நிலைக்கமாட்டான் என்று மனைவியிடம் பெரிய பிரசங்கமே வைத்தேன். அவள் தன் தம்பியைப் பற்றிய பேச்சென்பதால் கோப்பைகளைச் சத்தமாகக் கழுவினாள்.

இதையெல்லாம் இவ்வளவு விளக்கமாகச் சொல்லக் காரணம் உண்டு. அந்தப் பருவத்தின் கடைசி ஆட்டத்தின்போது எங்கள் கோல் காப்பாளனின் உயிர் என் வாயில் இருந்தது. ஒரு வசனம் சொல்லியிருந்தால் போதும். நான் சொல்லவில்லை. எங்கள் பெருமை எனக்குப் பெரிதாக இருந்தது.

அவனும் நானும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஐஸ் தொழிற்சாலையில் வேலை. ஐஸ்கட்டிகளை இழுத்து இழுத்தே தோள் இரண்டும் கதவு மாதிரி அகன்றுபோயிருந்தன. அன்புவழிபுரத்தில் மனைவியோடு இருந்தான். பத்தொன்பது வருடம் எங்கள் கம்பங்களுக்கு நடுவில் நின்றவன். இடையில் லீக்கின் பெரிய கிளப் அவனை இரண்டு தடவை கூப்பிட்டது. போகவில்லை. ஏன் போகவில்லை என்று நாங்கள் கேட்டதுமில்லை. எங்கள் ஆள், எங்களோடு நிற்கிறான் என்று எடுத்துக்கொண்டோம்.

கடைசிக்கு முந்திய ஆட்டத்தில் அவன் ஒரு பந்துக்குப் பாய்ந்து தலையை இரும்புக் கம்பத்தில் மோதினான். கச்சான் காற்று புழுதியை அள்ளி வீசிக்கொண்டிருந்த பின்னேரம். சத்தம் மதில்வரை கேட்டது. எழும்பினான். ஆட்டம் முடியும்வரை நின்றான். நாங்கள் அதற்குக் கைதட்டினோம். முடிந்தபிறகு மதிலோடு சாய்ந்து வாந்தி எடுத்தான். "எத்தனை கோல்?" என்று கேட்டான். நான்கு என்றேன். கொஞ்சம் கழித்துத் திரும்பவும் கேட்டான். மூன்றாவது தடவையும் கேட்டதும் மோட்டார் சைக்கிளில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

டொக்டர் இளம் பெண். கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார், தலையைப் படம் எடுக்க அனுப்பினார். படம் வந்ததும் எங்கள் இருவரையும் கதிரையில் இருக்கச் சொன்னார்.

"மூளை குலுங்கியிருக்கு. இப்போதைக்கு ரத்தக்கசிவு இல்லை. ஆனா ஒரு மாசத்துக்குப் பந்துப் பக்கமே போகக் கூடாது. இது ஆறுறதுக்கு முதல் இன்னொரு அடி விழுந்தால், சின்ன அடியெண்டாலும், மூளை வீங்கும். பிறகு எங்களால ஒண்டும் செய்ய ஏலாமப் போகலாம். விளங்குதோ?"

"ஓம்" என்றான் அவன்.

"உங்களுக்கும்தான் சொல்லுறன்" என்று என்னைப் பார்த்தார்.

"ஓம் டொக்டர்" என்றேன்.

திரும்பி வரும்போது அவன் என் இடுப்பைப் பிடித்தபடி காதுக்குள் சொன்னான். "மச்சான், வீட்ட சொல்லாதை. அவள் ஏற்கெனவே விளையாட்டை விடச் சொல்லி நிக்கிறாள். இது தெரிஞ்சால் பூட்ஸை அடுப்புக்க வச்சிடுவாள். ஐஸ் பெக்டரியில சறுக்கினது எண்டு சொல்லுவம்."

நான் சரி என்றேன். சிநேகிதன் கேட்டான், அதனால் சரி என்றேன் என்றுதான் வெகுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது முழு உண்மை இல்லை. அவன் மனைவி மறித்தால் அடுத்த வருடம் எங்களுக்குக் கோல் காப்பாளன் இல்லை. செயலாளர் மூளை அதைத்தான் முதலில் யோசித்தது.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் எனக்குப் பிடிக்கவில்லை. ஒருநாள் காலை அவன் சந்தியில் சைக்கிளைப் பிடித்தபடி நின்றான். எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாத நிற்பு. பத்து வருடமாக அந்தச் சந்தியால்தான் வேலைக்குப் போகிறான். நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் சிரித்துக்கொண்டு திரும்பினான். இன்னொரு நாள் தேத்தண்ணிக் கடையில் வெயில் படாத மூலையாகத் தேடி, தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டு இருந்தான். "காதுக்குள்ள ஆரோ மணி அடிக்கிற மாதிரி இருக்கு" என்றான். கடைக்காரர் கோப்பையை வைத்த சத்தத்துக்கே முகத்தைச் சுளித்தான். எல்லாவற்றையும் கண்டேன். கண்டுவிட்டு, பதினைந்து நாளில் எட்டு நாள் போய்விட்டது, பத்து நாள் போய்விட்டது என்று நாட்களை எண்ணினேன். டொக்டர் சொன்னது ஒரு மாதம். நான் எப்போது அதைப் பதினைந்து நாளாகக் குறைத்தேன் என்று எனக்கே தெரியாது. கடைசி ஆட்டம் பதினைந்தாவது நாளில் இருந்தது.

அந்த ஆட்டம் பெரிய கிளப்போடு. அவர்கள் கிண்ணத்தை ஏற்கெனவே வென்றுவிட்டார்கள். எங்களுக்கோ கடைசி இடம் உறுதியாகிவிட்டது. ஒரு பிரயோசனமும் இல்லாத ஆட்டம். ஆனால் லீக்கிலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்திருந்தது. அணியை இறக்க முடியாத கிளப்புகள் அடுத்த வருடப் பட்டியலிலிருந்து நீக்கப்படும் என்று அதில் இருந்தது. அந்தக் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். எங்கள் இரண்டு பேர் வேலைக்கென்று கட்டாருக்குப் போய்விட்டார்கள். மூன்று பேர் கிண்ணியாவில் ஒரு கலியாண வீட்டில். ஒருவனுக்குக் காய்ச்சல். கிளிவெட்டியிலிருந்து வர வேண்டியவன் போனையே எடுக்கவில்லை. நான்கு மணிக்கு ஆட்டம். லீக்கில் பெயர் பதிந்த ஆட்டக்காரன்தான் இறங்கலாம், மதிலில் இருப்பவர்களையோ என்னையோ இறக்க முடியாது. மூன்றே காலுக்கு மைதானத்தில் நின்று எண்ணினேன். ஆறு பேர்.

என் மைத்துனன், கிண்ணம் வென்ற கிளப்பின் ஜேர்சியோடு, அந்தப் பக்கத்திலிருந்து நடந்து வந்தான்.

"ஆறு பேர்தானே அத்தான்? குடுத்திட்டு வீட்ட போங்கோ. கப் எப்பவோ முடிஞ்ச கதை."

"உனக்கு இது விளங்காது. அங்கால போ."

"என்ன விளங்கிறதுக்கு இருக்கு? ஆள் இல்லையெண்டால் இல்லைத்தானே."

மதிலில் இருந்தவர்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தர் கூட ஒன்றும் கேட்கவில்லை. செயலாளர் ஒரு வழி பண்ணுவார் என்ற நம்பிக்கை அது. நான் மோட்டார் சைக்கிளை எடுத்தேன். அன்புவழிபுரம் போகும்வரை, போகக் கூடாது என்று மனம் சொல்லிக்கொண்டேதான் இருந்தது. கை முறுக்கிக்கொண்டே போனது.

அந்த வீட்டு யன்னல்கள் எல்லாம் பூட்டியிருந்தன. அவன் மனைவி கதவைப் பாதி திறந்து, மெதுவாகப் பேசும்படி கையால் காட்டினார்.

"தலையிடி எண்டு படுத்திருக்கிறார் அண்ணை. காலமையில இருந்து சாப்பிடேல்லை. வெளிச்சம் கூடாதாம். குளிசை போட்டும் கேக்குதில்லை. பெக்டரியில சறுக்கினதாலயோ எண்டு நானும் ரெண்டு கிழமையாக் கேக்கிறன், இல்லை, வெயில் வெயில் எண்டுதான் சொல்லுறார். இது வெயிலுக்கு வாற தலையிடியோ அண்ணை?"

என் முகத்தைப் பார்த்துத்தான் கேட்டார். யாராவது ஒன்று சொல்ல மாட்டார்களா என்று இரண்டு கிழமையாகக் காத்திருந்த முகம். இந்த இடத்தைத்தான் நான் இன்றைக்கும் திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்கிறேன். கதவடி, அரை வெளிச்சம், அந்தக் கேள்வி.

"வெயில்தான்" என்றேன்.

என் குரல் கேட்டு அவன் அறைக்குள்ளிருந்து வந்தான். நெற்றியில் ஈரத்துணி. "எத்தனை பேர்?" என்றான். ஆறு என்றேன். அவ்வளவுதான். காலுறையைத் தேடத் தொடங்கிவிட்டான். நான் கெஞ்சவில்லை, வற்புறுத்தவில்லை. அந்த எண்ணைச் சொன்னால் போதும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன். மனைவி தண்ணீர் எடுக்கக் குசினிக்குப் போன நேரம் பார்த்து அவன் காதுக்குள் சொன்னேன். "கோலுக்க நிக்க வேண்டாம். கோட்டுக் கரையில சும்மா நிண்டால் காணும். பந்து வந்தால் விலத்து. தலையைக் குடுத்திடாதை."

"போகத்தான் வேணுமோ?" என்று மனைவி கேட்டார்.

"ஒண்டரை மணித்தியாலம். வந்திடுவன்."

"அண்ணை, பாத்துக்கொள்ளுங்கோ."

"நான் இருக்கிறன்தானே" என்றேன்.

வழி முழுக்க அவன் நெற்றியை என் முதுகில் சாய்த்துக்கொண்டு வந்தான். சட்டைக்கு மேலாலும் அந்தச் சூடு தெரிந்தது. இப்போதும் யாராவது பின்னால் ஏறினால் எனக்கு முதுகு கூசுகிறது.

எங்களைக் கண்டதும் மதிலில் இருந்தவர்கள் எழும்பி நின்று கைதட்டினார்கள். அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. எனக்கு அந்தக் கைதட்டல் இனித்தது. மறைக்க என்ன இருக்கிறது, இனிக்கத்தான் செய்தது. எதிர்ப்பக்கத்தில் இருநூறு பேர் கொடியும் ஊதுகுழலுமாக இருந்தார்கள். அவர்களுக்கு இல்லாத ஒன்று எங்களிடம் இருக்கிறது என்று நினைத்தேன்.

முதல் பாதியில் நான்கு கோல் விழுந்தது. புதுக் கோல் காப்பாளனாக நின்றவன் பந்தைக் கண்டாலே கண்ணை மூடினான். என் சிநேகிதன் நான் சொன்னபடி மதிலுக்குக் கிட்டக் கரையில் நின்றான். கையால் கண்ணை மறைத்துக்கொண்டு நின்றான். பந்து அவன் பக்கம் வந்தபோது ஒரு அடி பின்னால் வைத்தான். எங்கள் ஆட்களே கத்தினார்கள். "என்ன, போட்டோவுக்கோ நிக்கிறாய்? ஓடு." அவன் அவர்களைப் பார்த்துச் சிரித்தான். எனக்கு அவர்களை அடிக்கலாம் போல இருந்தது. ஆனால் என்னவென்று சொல்லி அடிப்பது?

இடைவேளைக்கு அவன் என்னிடம் வந்து, "இனி எந்தப் பக்கம் அடிக்கிறம்?" என்று கேட்டான். தண்ணீர்ப் போத்தலின் மூடியை அவனால் திறக்க முடியவில்லை. நான் திறந்து கொடுத்தேன். பக்கத்தையும் காட்டினேன். அவனை வெளியே எடுத்தால் ஆறு பேர். ஆறு என்றால் நடுவர் ஆட்டத்தை நிறுத்திவிடுவார், தோல்வி அல்ல, இறக்க முடியாத கிளப் என்று எழுதிவிடுவார் என்று பயந்தேன். சட்டைப் பையில் அந்தக் கடிதம் வியர்வையில் ஊறி ஒட்டிக்கொண்டிருந்தது.

ஆறாவது கோல் விழுந்ததும் எதிர்ப்பக்கத்து ஆட்கள் கலையத் தொடங்கினார்கள். வென்றாகிவிட்டது, இனி என்ன. மோட்டார் சைக்கிள்கள் ஒவ்வொன்றாக ஹோர்ன் அடித்துக்கொண்டு போயின. எங்கள் மதில் அவர்களைப் பார்த்துக் கூ வைத்தது. நானும் வைத்தேன். அப்போது மைத்துனன் வந்து என் பக்கத்தில் குந்தினான். அவனும் போயிருப்பான் என்று நினைத்திருந்தேன்.

"அத்தான், அவருக்கு என்ன? நிக்கிற விதம் சரியில்லை. இடது காலை இழுக்கிறார்."

"தலையிடி."

"தலையிடிக்காரனை ஏன் இறக்கினனீங்கள்?"

"வெல்லுறவனுக்குப் பின்னால ஓடுற நீ எனக்குப் புத்தி சொல்ல வேண்டாம்."

அவன் மைதானத்தைப் பார்த்தான். பிறகு எழும்பிப் போய், தன் ஓட்டோவைக் கேற்றுக்குள் கொண்டுவந்து, முகம் வீதியைப் பார்க்கும்படி திருப்பி நிறுத்தினான். அவனுக்கு ஒன்றும் தெரியாது, ஆனாலும் அவன் பார்த்துவிட்டான். பதினாறு வருடம் ஒரு ஆட்டம் விடாமல் பார்த்த நான் பார்க்காததை.

முடிய ஏழு எட்டு நிமிடம் இருக்கும்போது எங்களுக்கு ஒரு கோர்ணர் கிடைத்தது. எப்படிக் கிடைத்தது என்று கேட்காதீர்கள். அவர்களில் ஒருவன் சோம்பலில் தவறாக உதைத்த பந்து. நானா ரபானைத் தூக்கி அடிக்கத் தொடங்கினார். முப்பது பேரும் மதிலில் நின்று கைதட்டினார்கள். கரையில் நின்ற என் சிநேகிதன் ரபான் சத்தத்துக்குத் தலையைத் திருப்பினான். பிறகு மெதுவாகக் கோல் வாசலை நோக்கி நடந்தான்.

கத்தினேன், ரபான் சத்தத்தில் கேட்கவில்லை என்று பிறகு பலருக்குச் சொன்னேன். பொய். நான் கத்தவே இல்லை. வாயைத் திறந்தேன். அந்த ஒரு கணத்தில், போகட்டும், இவன்தான் உயரமானவன் என்று நினைத்தேன்.

பந்து வளைந்து வந்தது. அவன் குதித்துத் தலையால் அடித்தான். கோல். அந்தப் பருவம் முழுவதிலும் எங்களுக்குக் கிடைத்த ஒரே கோல். நான் மதிலில் இருந்து குதித்துக் கத்தினேன், கண்ணீர் வந்தது, பக்கத்தில் நின்றவனைக் கட்டிப்பிடித்தேன். ஆறு பேரும் ஓடிப்போய் அவன் மேல் விழுந்தார்கள்.

அவர்கள் எழும்பியபிறகும் அவன் குந்தியபடியே இருந்தான். பிறகு எழும்பினான். எங்கள் பக்கம் வராமல் மற்றப் பக்கம் பத்தடி நடந்தான். புல்லில் குந்தினான், சரிந்தான். களைப்பில் படுத்திருக்கிறான் என்று நானா இன்னும் உற்சாகமாக அடித்தார். முதலில் மைதானத்தைச் சுற்றிக் கட்டியிருந்த கயிற்றைத் தாண்டி ஓடியது வென்ற கிளப்பின் ஜேர்சி போட்ட என் மைத்துனன். "ரபானை நிப்பாட்டுங்கோ" என்று ஓடிக்கொண்டே கத்தினான். இரண்டு தடவை கத்தவேண்டியிருந்தது.

ஓட்டோவில் அவன் தலையை என் மடியில் வைத்திருந்தேன். ஒரு கண்மணி பெரிதாகவும் மற்றது சிறிதாகவும் இருந்தது. ஆஸ்பத்திரியில் அதே டொக்டர். அவனைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், அடையாளம் கண்டுகொண்டார். எனக்கு ஒரு சொல்லும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். கொஞ்ச நேரத்தில் அவன் மனைவி வந்தார். டொக்டர் அவரை ஒரு அறைக்குள் கூட்டிக்கொண்டுபோய்க் கதவைச் சாத்தினார். வெளியே வந்தபோது அவரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

கண்டிக்குக் கொண்டுபோய் மண்டையோட்டைத் திறந்தார்கள். மூன்று கிழமை நினைவில்லாமல் கிடந்தான். உயிர் தப்பினான். இடது கை சரியாக மூடாது. பேச்சில் சொற்கள் வரப் பிந்தும். அந்த வருடத்தில் பாதி அவன் தலையில் இல்லை. மைத்துனன் செவ்வாய்க்கிழமை தோறும் ஓட்டோவில் கிளினிக்குக் கூட்டிக்கொண்டு போகிறான். அவனை யாரும் கேட்கவில்லை. நான் ஞாயிற்றுக்கிழமைகளில் பழங்களோடு போவேன், ஆட்டம் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில்.

லீக் எங்களை நீக்கவில்லை. அந்தக் கடிதம் சும்மா வெருட்டத்தானாம். அடுத்த வருடப் பட்டியலிலும் எங்கள் பெயர் கடைசியில் இருந்தது. யாரோ போனில் எடுத்த அந்தக் கோல் ஊரெல்லாம் சுற்றியது. அவன் குதிக்கிறான், பந்து வலைக்குள் போகிறது, ரபான் கேட்கிறது, அத்தோடு முடிந்துவிடும். எங்கள் ஆட்கள் அவனைப் பார்க்கப் போகும்போதெல்லாம் அதைப் போட்டுக் காட்டினார்கள். அன்பில்தான் காட்டினார்கள்.

போன மாதம் ஒரு பின்னேரம் போயிருந்தபோது அவன் மனைவி வாசலிலேயே என்னை நிறுத்தினார்.

"அந்த வீடியோவைக் காட்ட வேண்டாமெண்டு உங்கட ஆக்களிட்டச் சொல்லுங்கோ அண்ணை. அதைப் பாத்தால் பூட்ஸைத் தேடுறார். முந்தநாள் ரோட்டில பொடியள் விளையாடின பந்துக்குத் தலையைக் குடுக்கப் போயிட்டார். இந்தப் பக்கம் எலும்பு இன்னும் வைக்கேல்லை. தோல் மட்டும்தான் கிடக்கு. நான் சொன்னாக் கேக்கிறாரில்லை. நீங்கள் சொன்னால் கேப்பார்."

"என்ன சொல்ல?"

"டொக்டர் சொன்னதைச் சொல்லுங்கோ" என்றார்.

முற்றத்தில் இரண்டு கதிரை போட்டு எங்களை இருத்தினார். எனக்கு முன்னால் ஒரு ஸ்டூலில் தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்தார். குசினிக்குள் போய்த் தேங்காய் துருவத் தொடங்கினார். அவன் தொப்பி போட்டிருந்தான். வலது பக்கம் தொப்பி உள்ளே இறங்கியிருந்தது.

"மச்சான்," என்றான், "எப்ப... மெச்?"

"உனக்கு இனி மெச் இல்லை."

"ஆர் சொன்னது?"

"டொக்டர்."

"எப்ப?"

போன கிழமை என்று சொல்லியிருக்கலாம். அவனுக்குத் தெரியப்போவதில்லை.

"முதல் அடி பட்ட அண்டைக்கு. நீ கோல் அடிச்ச மெச்சுக்கு ரெண்டு கிழமை முதல். நீயும் நானும் இருக்கேக்க சொன்னவ."

அவன் நெடுநேரம் யோசித்தான். இல்லாத ஒன்றைக் கையால் துழாவுகிற முகம். பிறகு என்னைப் பார்த்து, எனக்காக வருத்தப்படுகிற மாதிரிக் கேட்டான்.

"நான் மறந்திட்டன். நீயும்... மறந்திட்டியோ?"

குசினியில் துருவுகிற சத்தம் நின்றது.

"இல்லை," என்றேன். "எனக்கு ஞாபகம் இருந்தது."

"அப்ப ஏன் வந்து... கூப்பிட்டனி?"

"ஆறு பேர்தான் இருந்தவங்கள்."

அவன் தலையை ஆட்டினான். "ஓம்," என்றான், "அப்ப சரிதானே." அவனுக்கு அது போதுமானதாக இருந்தது. அவன் மனைவி வெளியே வந்தார். நான் இன்னும் வாய் வைக்காத தேத்தண்ணிக் கோப்பையை ஸ்டூலில் இருந்து எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.